ஆயா பனமலையில், ஓடிபி சென்னையில்

2020 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு கணக்கு வெளியிட்டது. வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் பேசும் இ-சஞ்சீவனி சேவை, தொடங்கிய சில மாதங்களிலேயே நாடு முழுக்க மூன்று லட்சம் ஆலோசனைகளைத் தொட்டிருந்தது. மாநிலங்களில் தமிழ்நாடு முதலிடம். மாவட்டங்களில் முதலிடம் எங்கள் விழுப்புரம். 16,000 ஆலோசனைகளுக்கு மேல். சென்னையையும் மதுரையையும் தாண்டி எங்கள் மாவட்டத்தின் பெயர் அதில் இருந்தது. படித்தபோது நெஞ்சு நிறைந்துபோனது. எந்தப் பட்டியலை எடுத்தாலும் கீழிருந்து தேட வேண்டிய மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு எண்பதைத் தொட்டபோது, கள்ளக்குறிச்சி பிரியாத அன்றைய விழுப்புரம் எழுபத்திரண்டை ஒட்டி நின்றது. பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அப்படிப்பட்ட மாவட்டம் இதில் முந்தியது என்றால் சும்மாவா?

அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு பனமலையில் என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. இன்று நாடு முழுக்க அந்த ஆலோசனைகளின் எண்ணிக்கை 30 கோடியைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். எங்கள் தெருவில் சுகரும் பிரஷரும் முட்டிவலியுமாக இருக்கும் கிழவிகளில் யாரும் அந்த எண்ணிக்கைக்குள் தானாகப் போய்ச் சேர்ந்து நான் பார்க்கவில்லை.

தொலைமருத்துவம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எங்களைவிட அது தேவைப்படுகிறவர்கள் யார்? பனமலையிலிருந்து விழுப்புரமோ செஞ்சியோ போவதென்றால் இருபது கிலோமீட்டர் அளவில் பயணம். பெரிய வைத்தியம் என்றால் 2010இல் திறந்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கேயும் முடியாது என்றால் புதுச்சேரி ஜிப்மர். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. அது பெரிய உதவிதான். ஆனால் பஸ்ஸுக்குக் காசு இல்லையென்பது மட்டுமா கஷ்டம்? காலையில் கிளம்பினால் அன்றைய கூலி போச்சு. துணைக்கு வருகிறவரின் கூலியும் போச்சு. நாற்று நடுகிற நாளில் கூப்பிட்ட நிலத்துக்குப் போகாதவளை அடுத்த நாள் கூப்பிட மாட்டார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு, வரிசையில் நின்று, போன மாதம் எழுதிய அதே மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் யாரும் போகத் தேவையில்லாத பயணம் அது. டாக்டர் முகத்தை வீட்டுத் திண்ணையிலேயே பார்க்க முடிந்தால் எங்கள் ஊருக்கு அது எவ்வளவு பெரிய காரியம். அதனால்தான் இவ்வளவு ஆதங்கம்.

முதலில் போன். வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வந்துவிட்டதே என்பார்கள். வந்துவிட்டது, ஆனால் பகலில் அது வீட்டில் இருப்பதில்லை. ஆம்பிளை வேலைக்குப் போகும்போது சட்டைப்பையில் போய்விடுகிறது, இல்லையென்றால் காலேஜ் போகும் பிள்ளையோடு பஸ் ஏறிவிடுகிறது. வீட்டில் இருக்கும் ஆயாவிடம் இருப்பது பட்டன் போன். அதிலும் பாதி நாள் ரீசார்ஜ் இருக்காது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்தாற்போலக் கட்டணத்தை ஏற்றிய பிறகு, நூறு நாள் வேலைக் காசில் மாதா மாதம் போனுக்குப் போடுவதா, மாத்திரைக்குப் போடுவதா என்று யோசிக்கிற வீடுகள் இங்கே உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் எப்போதாவது இணையத்தைத் தொட்ட பெண்கள் பாதியைக்கூட எட்டவில்லை. நகரத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

சரி, பேரன் லீவில் வந்திருக்கிறான், போனும் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். செயலியைத் திறந்தால் நம்பர் கேட்கும். ஆயா பேரில் பதிந்திருக்கும் நம்பரைப் போட்டால் ஓடிபி வரும். எங்கே வரும்? ஆயா பேரில் எந்த அட்டை எடுத்தாலும் கூடவே கொடுத்திருப்பது சென்னையில் வேலை பார்க்கும் மகனின் நம்பரைத்தான். ஆதாரில் அவன் நம்பர், பேங்கில் அவன் நம்பர், ரேஷன் கார்டில் அவன் நம்பர். ஓடிபி அங்கே போய் விழுகிறது. அவன் கம்பெனியில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்திருப்பான். ஆயா இங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து ஆறு எண்ணையும் படித்துச் சொல்வதற்குள் அந்த எண் செத்துப்போயிருக்கும். திரும்பவும் முதலிலிருந்து.

ஓடிபியைத் தாண்டிவிட்டால் மட்டும் முடிந்ததா? எங்கள் தெருவில் ஒரு ஆயாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தனியார் மருத்துவமனை ஒன்று நடத்தும் வீடியோ சேவையில் பணம் கட்டி நேரம் வாங்கிக் கொடுத்தார்கள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் காத்திருந்து டாக்டரின் முகம் திரையில் வந்ததும், ஆயா இரண்டு கையையும் கூப்பி, "நல்லா இருக்கியா சாமி" என்று கேட்டார். அவ்வளவுதான், படம் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தது. டாக்டர் கேள்வி கேட்டது எங்களுக்குப் பாதி, நாங்கள் சொன்னது அவருக்குப் பாதி. "கெறக்கமா வருதுப்பா, கண்ணு மசமசங்குது, காலு மதமதன்னு கெடக்கு" என்று ஆயா சொல்ல, "எத்தனை நாளா? எந்தக் கால்?" என்று மறுபடியும் மறுபடியும் அந்தப் பக்கத்துக் குரல். ஆஸ்பத்திரியில் என்றால் டாக்டர் காலைத் தொட்டு அழுத்திப் பார்த்திருப்பார், கண்ணை இழுத்துப் பார்த்திருப்பார், ஆயா வாய் திறப்பதற்கு முன்பே பாதி தெரிந்திருக்கும். கடைசியில் லைன் போனது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை. "தாளகிரீசுவரர் கோயில் படியேறிப் போனா டவர் நல்லா கெடைக்கும் ஆயா" என்று ஒரு பையன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். முட்டிவலிக்காரி குன்றின் மேல் ஏறி டாக்டரைப் பார்க்க வேண்டும்! அவள் அந்தப் படி ஏறிப் பல வருஷமாகிறது.

படம் நின்றுவிட்டால் என்ன, குரலிலேயே பேசிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் மருந்துகளை வகை பிரித்து வைத்திருக்கின்றன. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., இரும்புச்சத்து மாத்திரை மாதிரியானவற்றை எந்த வழியில் பேசினாலும் டாக்டர் எழுதலாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து, படைக்குக் களிம்பு, சொறிக்குத் தடவும் மருந்து என்று அடுத்த வகைக்கு வந்தால், முதல்முறை வரும் நோயாளியை அவர் வீடியோவில் பார்த்தாக வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்தோடு இன்னொன்றைச் சேர்ப்பதென்றால், அந்த நோய்க்கு முன்பு நேரில் பார்த்திருக்க வேண்டும். பழக்கமாகிவிடக்கூடிய ஆபத்தான மருந்துகளை எழுதவே கூடாது. இந்த விதியில் எனக்குக் குறையில்லை. பார்க்காமல் மருந்து எழுதுவது ஆபத்து. டாக்டர்களும் பயப்பட வேண்டியதுதான். ஆனால் இதன் பலன் என்ன என்று பாருங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் ஊர்க்காரனுக்குக் கண் சொட்டு மருந்து கிடைக்கும். சிக்னல் விட்டுப்போகும் ஊர்க்காரிக்குப் பாராசிட்டமாலும், "நேரில் போய்க் காட்டுங்க" என்ற வார்த்தையும்தான் கிடைக்கும். எங்கள் ஊருக்கு டவர் கேட்டு மனு கொடுத்தால் அதைத் தொலைத்தொடர்புக் காரியம் என்று ஒதுக்குகிறார்கள். அது வைத்தியக் காரியம் என்று யார் அவர்களுக்குச் சொல்வது?

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித் தொலைமருத்துவ விளம்பரம் எதிலும் ஒரு வரி நான் பார்த்ததில்லை.

வெள்ளைப்படுதல், மாதவிடாய் நிற்காமல் போவது, கர்ப்பப்பை இறங்குவது, மார்பில் கட்டி. வயலில் குனிந்து வேலை செய்து, தலையில் சுமை தூக்கி, நாலு பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருகிற நோய்கள் இவை. கிராமத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேச ஒரு அறை எங்கே இருக்கிறது? சிக்னல் வேண்டுமானால் வாசலுக்கு வர வேண்டும். லைன் சரியில்லை என்றால் கத்திப் பேச வேண்டும். எதிர்த் திண்ணையில் மாமனார் வயதில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். போனைப் பிடித்துக்கொண்டிருப்பது மகனோ கொழுந்தனோ. அவன் முன்னால் அவள் டாக்டரிடம் என்னதான் சொல்வாள்? "ஒடம்பு வலி" என்று சொல்லுவாள். டாக்டரும் உடம்பு வலிக்கு எழுதிக் கொடுப்பார். கணக்கில் ஒரு ஆலோசனை ஏறிவிடும். அவள் சொல்ல வந்த நோய் அவளோடுதான் இருக்கும்.

நர்சம்மா வீட்டுக்கு வருகிற நாளில் நடப்பதே வேறு. கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய், "இன்னாக்கா, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று ஒரு கேள்வி. அது போதும், அவ்வளவும் வெளியே வந்துவிடும். அக்காவும் தங்கச்சியுமாகப் பேசி, வருஷக்கணக்கில் மூடி வைத்ததைச் சொல்லி, அழுது, "ஆஸ்பத்திரிக்கு நானே கூட வரேன்" என்று நர்சம்மா சொல்லி முடிப்பதை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு எந்தச் செயலியிலும் பொத்தான் இல்லை.

மாத்திரைக்கு வருவோம். எல்லாம் சரியாக நடந்து, படமும் அறுபடாமல் வந்து, டாக்டரும் எழுதிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். சீட்டு போனுக்குள் ஒரு கோப்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைத் திறக்கத் தெரிந்தவர் வேண்டும். மருந்துக்கடை இருக்கிற ஊருக்குப் போக வேண்டும். போய்க் காட்டினால், "இந்தக் கம்பெனி நம்மகிட்ட இல்ல, வேற தரட்டுமா?" என்பார்கள். வேறு என்பது அதே மருந்தா, இல்லையா என்று ஆயாவுக்கு எப்படித் தெரியும்? 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். விலை குறைவு, நல்ல காரியம். ஆனால் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். மருந்துக்காக ஒரு பயணம் போகத்தான் வேண்டும் என்றால், டாக்டருக்காகப் போகாமல் மிச்சப்படுத்திய கூலி எங்கே போயிற்று? டாக்டரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு மாத்திரையை இருபது கிலோமீட்டர் தள்ளி வைப்பது, கரும்பை வெட்டிவிட்டு ஆலைக்கு வண்டி அனுப்பாமல் விடுவது மாதிரி. எங்கள் பக்கத்து விவசாயிக்கு அந்த வேதனை நன்றாகத் தெரியும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சங்கராபரணி பெருக்கெடுத்து, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தை வெள்ளம் தொட்டு ரயில்களை நிறுத்தினார்கள். ஊர் ஊராகக் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத இடத்தில் டவர் எத்தனை மணி நேரம் தாங்கும்? ரோடு அறுந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத நேரம்தான் போனில் டாக்டர் வேண்டும். அந்த நேரம் பார்த்து போனும் செத்தது. தொலைமருத்துவம் என்று திட்டம் போடுகிறவர்கள், எங்கள் மாவட்டம் ஒவ்வொரு கார்த்திகையிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாவட்டம் என்பதைக் கொஞ்சம் நினைக்க வேண்டாமா? டவருக்குக் கூடுதல் பேட்டரி, டீசல் இயந்திரம் என்பதெல்லாம் புதிய கண்டுபிடிப்பா என்ன?

இவ்வளவும் தீர்க்க முடியாத சங்கடம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். தீர்த்துக் காட்டியவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, ஸ்மார்ட்போன் காலம் வருவதற்கு முன்பே போடி, ஆண்டிபட்டி, பெரியகுளம் பக்கத்துக் கண் மையங்களை வெகுதூரம் எட்டும் வைஃபையால் இணைத்தது. அங்கே நோயாளி கையில் போன் இல்லை. பயிற்சி பெற்ற ஒரு பெண் கருவியில் கண்ணைப் பார்த்து, படம் எடுத்து அனுப்புவார். மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரையில் அந்த நோயாளியிடமே பேசுவார். கண்ணாடி வேண்டுமா, அந்த மையத்திலேயே கிடைக்கும். அறுவை சிகிச்சையா, அங்கிருந்தே அனுப்புவார்கள். அதன்பின் அரவிந்தின் மையங்கள் தமிழ்நாடு முழுக்கப் பெருகின. பக்கத்து ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவில் 2000ஆம் ஆண்டிலேயே அப்போலோவும் இஸ்ரோவும் சாட்டிலைட் வழியாகத் தொலைமருத்துவம் தொடங்கின. அமெரிக்க அதிபர் கிளின்டன் அதைத் துவக்கிவைத்தார். அதற்கும் கால் நூற்றாண்டாகிவிட்டது. யந்திரம் இல்லை என்ற குறை இந்த நாட்டில் என்றைக்கும் இருந்ததில்லை. இந்தப் பக்கம் நோயாளியின் தோளைப் பிடித்து உட்கார வைக்க ஒரு ஆள் இருந்த இடத்தில் அது நடந்தது. ஆள் இல்லாத இடத்தில் அது எண்ணிக்கையாக மட்டும் நின்றது.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்ற சின்ன நாடு. அங்கே பேபில் என்ற சேவை சாதா பட்டன் போனிலேயே நடந்தது. நோயாளி எண்களை அழுத்திப் பதிவு செய்தால் நர்ஸ் திருப்பி அழைப்பார். மருந்துக்கான குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரும். அதை மருந்துக்கடையில் காட்டி வாங்கிக்கொள்ளலாம். லட்சக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். 2023இல் அதை நடத்திய பிரிட்டிஷ் நிறுவனம் நொடித்துப்போனது, சேவையும் நின்றது. பட்டன் போனில் முடியும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஜனங்களின் உயிர்க்காரியத்தை ஒரு கம்பெனியின் லாப நஷ்டத்தில் கட்டி வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான்.

நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கொண்டுவருகிறவர் பெரும்பாலும் அந்த ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்த பெண். எந்த வீட்டு ஆயாவுக்குக் காது கேட்காது, எந்த வீட்டில் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார்கள், எந்த மருமகள் வாய் திறக்க மாட்டாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஐ.நா. 2024இல் அந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது. அவளிடம் ஒரு டேப்லெட்டும், நம்பகமான இணைப்பும், அந்தப் பக்கம் அவள் பெயர் தெரிந்த ஒரு டாக்டரும் இருந்தால் எங்கள் ஊர்த் தொலைமருத்துவம் அன்றைக்கே தொடங்கிவிடும். ஆயாவுக்கு ஓடிபி எதற்கு? அந்தப் பெண்ணின் நம்பரில் வரட்டுமே. அவளுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையை மட்டும் சம்பளம் என்று சொல்லும்படி உயர்த்துங்கள். வேலையை ஏற்றிக்கொண்டே போய்க் கூலியை அப்படியே வைத்தால் அவளும் நொந்துதான் போவாள்.

கண்ணாடி இழைக் கேபிளை 12,525 ஊராட்சிகளுக்கும் கொண்டுபோகும் வேலையை அரசு 2022இல் தொடங்கியது. அந்தக் கேபிள் வந்த இடத்தில் ஒரு அறையை ஒதுக்கி, நாற்காலியும் கதவும் தாழ்ப்பாளும் போட்டால் போதும். பெண்கள் உள்ளே போய்ச் சத்தமில்லாமல் பேசுவார்கள். பிரஷர் பார்க்கும் பட்டை, சுகர் பார்க்கும் கருவி, டாக்டர் எழுதியதும் எடுத்துக் கொடுக்க முப்பது நாற்பது வகை மாத்திரை வைத்த ஒரு அலமாரி. சோலார் தகடும் பேட்டரியும் இருந்தால் புயல் நாளிலும் விளக்கு எரியும்.

இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் டாக்டரிடம் பேசினார்கள் என்று அந்த 2020 கணக்கு சொன்னது. பேசியவர்களில் எத்தனை பேருக்கு எழுதிய மருந்து கைக்கு வந்தது, எத்தனை பேர் பாதியில் லைன் அறுந்து எழுந்து போனார்கள், எத்தனை பெண்கள் தாங்களாகவே பேசினார்கள், எத்தனை பேருக்காக மகன் பேசினான் என்று யாராவது எண்ணினார்களா? எண்ணியிருந்தால் வெளியிடட்டும். எண்ணவில்லை என்றால் இனிமேலாவது எண்ணட்டும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்த கிராம சபையில் தெருவிளக்கு, குடிநீர், ரோடு எல்லாம் பேசி முடித்ததும், இந்த அறைக்கும் அலமாரிக்கும் தீர்மானம் எழுதச் சொல்லி எழுந்து நிற்கப் போகிறோம். எங்கள் தெரு ஆயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டம் நடக்கும் இடம் வரை ஆட்டோவுக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது.